கை தப்பினால் காலைப் பார்: முன்னாள் வீரர்கள் நடத்தும் பேஸ்பால் முகாம்

முன்னாள் தொழில்முறை வீரர்கள் பயிற்சி தரும் பேஸ்பால் முகாமுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் பலர் ஏதோ ஒரு ரகசியம் கிடைக்கும் என்று நம்பி வருகிறார்கள். பந்தை வளைக்கும் ஒரு பிடி, ஹோம் ரன் அடிக்க ஒரு சூத்திரம், இப்படி. நல்ல முகாமில் முதல் அரைமணி நேரம் அப்படி எதுவும் நடக்காது. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக நின்று பந்தை எறிந்து பிடித்துக்கொண்டிருப்பார்கள். பயிற்சியாளர் வரிசைக்குப் பின்னால் பேசாமல் நடந்துகொண்டிருப்பார். அவர் கண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். பிள்ளைகளின் பாதங்களில் இருக்கும்.

பல வருடம் தொழில்முறை ஆட்டத்தில் இருந்தவரிடம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பெரிய சொத்து அந்தக் கண்தான். பந்து எங்கே போய் விழுந்தது என்று மைதானத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். ஏன் அங்கே போனது என்பது பந்து விரலை விட்டு நழுவும் முன்பே, முன்கால் தரையில் ஊன்றும் நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதைப் பார்க்கத் தெரியாதவர் "கையை உயர்த்து", "பந்தைப் பார்" என்று கத்துவார். பார்க்கத் தெரிந்தவர் முன்காலை நாலு விரற்கடை நகர்த்தி வைக்கச் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். இந்தப் பதிவு முழுவதும் அந்தப் பார்வையைப் பற்றியதுதான். எறிவது, பிடிப்பது, அடிப்பது என ஒவ்வொன்றிலும் அது எப்படி வேலை செய்கிறது, எங்கே முன்னாள் வீரர்களே தடுமாறுகிறார்கள் என்று எழுதுகிறேன்.

எறிவதிலிருந்தே ஆரம்பிக்கலாம். பேஸ்பால் பந்தில் 108 இரட்டைத் தையல்கள் உண்டு. சிவப்பு நூல் ஓரிடத்தில் குதிரை லாட வடிவில் வளையும். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அந்த வளைவின் குறுக்கே, விரல் நுனியின் சதை தையலில் படியும்படி வைக்க வேண்டும். கட்டைவிரல் பந்துக்கு நேர் அடியில். இதுதான் நான்கு தையல் பிடி, ஃபோர் சீம். பந்து பின்னோக்கிச் சுழன்று நேராகப் போக இந்தப் பிடி வேண்டும். கட்டைவிரல் பக்கவாட்டில் ஏறிவிட்டால் பந்து பக்கச் சுழற்சி பெற்று விலகும். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குக் கை சிறியது. அவர்கள் மூன்று விரல்களைப் பந்தின் மேல் வைக்கலாம், தப்பே இல்லை. இரண்டு விரலில் பிடிக்கச் சொல்லி வற்புறுத்தினால் பந்து நழுவாமலிருக்க உள்ளங்கையில் திணித்துக்கொள்வார்கள். உள்ளங்கையில் உட்கார்ந்த பந்துக்கு வேகமும் வராது, குறியும் வராது.

இனி கால். வலக்கை ஆட்டக்காரர் எறியும்போது இடக்கால் இலக்கை நோக்கிப் போக வேண்டும், பாதம் லேசாக உள்பக்கம் மூடியிருக்கலாம். அது இடப்பக்கம் அதிகமாகத் திறந்துவிட்டால் இடுப்பும் முன்தோளும் சீக்கிரமே திறந்துவிடும். கை பின்னால் தங்கி இழுபட்டு வரும். பந்து வலப்பக்கமாக உயரத்தில் பறக்கும். இதே கோளாறு முழங்கையின் உள்பக்கத்தில் பாரத்தையும் ஏற்றும். கால் வலப்பக்கமாகக் குறுக்கே விழுந்தால் உடம்பைச் சுற்றிக் கையை இழுத்து எறிய வேண்டிவரும். பந்து ஒரு தடவை வலப்பக்கம் போகும், அடுத்த தடவை அதைச் சரிக்கட்டப் போய் இடப்பக்கத் தரையில் குத்தும். பெற்றோர் கண்ணுக்கு இரண்டும் ஒரே "குறி தவறல்" தான். மருந்து வேறு வேறு.

சரிசெய்ய ஒரு எளிய வழி: இலக்கை நோக்கி மண்ணில் காலால் ஒரு கோடு கிழித்து, பின்கால் நடுப்பாதத்தைக் கோட்டின் மேல் வைத்து, முன்கால் எங்கே இறங்குகிறது என்று பிள்ளையையே பார்க்கச் சொல்வது. பத்து எறிதலில் எத்தனை கோட்டில் விழுந்தன என்று பிள்ளையே எண்ணட்டும். பயிற்சியாளர் வாயைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு முட்டி போட்டு எறியும் பயிற்சியைப் பல முகாம்களில் பார்க்கலாம். மணிக்கட்டும் விரலும் எப்படி வேலை செய்கின்றன என்று புரியவைக்க ஐந்தாறு மீட்டர் தூரத்தில் பத்து எறிதல் போதும். அதற்கு மேல் நீட்டினால் கால் இல்லாமல் எறியப் பழகிவிடுவார்கள் என்பது என் கருத்து. கால் இல்லாத எறிதலில் எல்லாப் பளுவும் தோளுக்கும் முழங்கைக்கும்தான்.

தூரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். பத்து மீட்டரில் தொடங்கி, எறிபவர் நிமிர்ந்து இயல்பாக எறிய முடிகிற வரை பின்னால் போகலாம். பந்தை வானத்துக்கு வீசித்தான் எட்ட முடிகிறது என்றால் அந்த வயதுக்கு அந்தத் தூரம் அதிகம், இரண்டடி முன்னால் வரச் சொல்லுங்கள். பிடிப்பவருக்கும் வேலை இருக்கிறது. க்ளவ்வை மார்புக்கு நேராகத் திறந்து காட்ட வேண்டும், பந்து வரும்போது கால்களை நகர்த்தி உடம்பைப் பந்துக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும். இடுப்புக்கு மேலே வந்தால் விரல்கள் மேல்நோக்கி, கீழே வந்தால் விரல்கள் தரையை நோக்கி. நின்ற இடத்திலேயே கையை மட்டும் நீட்டிப் பிடிக்கும் பிள்ளை நாளைக்குத் தரைப்பந்து அதிகம் வரும் ஷார்ட்ஸ்டாப் இடத்திலும் அதையேதான் செய்யும்.

அடிப்பவருக்குப் பந்து எறியும் பிட்சர்கள் விஷயத்தில் முகாம் நடத்துபவருக்குப் பொறுப்பு அதிகம். உச்சத் தொழில்முறை லீகான மேஜர் லீக் பேஸ்பாலும் அமெரிக்காவின் தேசிய அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014-இல் பிட்ச் ஸ்மார்ட் என்ற வழிகாட்டியை வெளியிட்டன. அதன்படி ஒரு நாளில் ஆட்டத்தில் எறியக்கூடிய உச்ச எண்ணிக்கை 7, 8 வயதுக்கு 50. 9, 10 வயதுக்கு 75. 11, 12 வயதுக்கு 85. 13 முதல் 16 வரை 95. 17, 18 வயதுக்கு 105. ஓய்வுக்கும் கணக்கு உண்டு. 14 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர் 21 முதல் 35 பந்து எறிந்தால் ஒரு நாள், 36 முதல் 50 என்றால் இரண்டு நாள், 51 முதல் 65 என்றால் மூன்று நாள், 66-ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. வருடத்தில் குறைந்தது நான்கு மாதம் எறிதலே கூடாது, அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

இந்த எண்கள் ஆட்டத்துக்கானவை. முகாமில் எங்கே ஓட்டை விழுகிறது என்றால், பிட்சிங் பயிற்சிக்கென ஒதுக்கிய நிலையத்தில் எறிந்த 25 பந்தை மட்டும் எண்ணுகிறார்கள். காலையில் ஆடிய கேட்ச், தரைப்பந்தை எடுத்து, ஓடுபவர் முதலில் தொட வேண்டிய முதல் பேஸுக்கு எறிந்தது, மாலையில் பந்தய ஆட்டத்தில் மைதானத்தின் வெளிப்பகுதியான அவுட்ஃபீல்டிலிருந்து எறிந்தது எதுவும் கணக்கில் வராது. தோளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அன்று பிட்ச் செய்த பிள்ளையை அதே நாளில் அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சராக உட்கார வைக்கக் கூடாது என்ற விதியும் இதனால்தான் வந்தது. கேட்சர் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறார் அல்லவா? ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை வைத்து, எந்த நிலையத்தில் எத்தனை எறிதல் என்று பயிற்சியாளர்கள் குறித்துக்கொண்டே வந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

வளரும் பிள்ளையின் எலும்பு நுனியில் வளர்தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. பெரியவர்களுக்குத் தசைநாரில் வரும் சேதம் பிள்ளைகளுக்கு முதலில் இங்கேதான் வரும். முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில் வலி, அல்லது தோளின் மேல்பக்கம் ஆழத்தில் வலி என்றால் அந்த நிமிடமே எறிதலை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஐஸ் வைத்துவிட்டு மறுநாள் எறியவைப்பது பெரிய தவறு. 1974-இல் டாமி ஜான் என்ற இடக்கை பிட்சருக்கு மருத்துவர் ஃபிராங்க் ஜோப் முழங்கைத் தசைநாருக்குப் பதிலாக முன்கையிலிருந்து எடுத்த ஒரு தசைநாணைப் பொருத்தினார். ஜான் 1976-இல் திரும்பி வந்து 1989 வரை மேஜர் லீகில் எறிந்தார். அந்தச் சாதனையைக் கேட்டு, "கெட்டுப்போனால் அறுவை செய்துகொள்ளலாம், இன்னும் வேகம் வரும்" என்று நம்பும் குடும்பங்கள் இருக்கின்றன. அறுவை வேகத்தைக் கூட்டுவதில்லை. திரும்பி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும், எல்லோரும் திரும்பி வருவதும் இல்லை. இதை ஒரு முன்னாள் பிட்சர் தன் வாயால் சொன்னால்தான் பெற்றோர் காதில் ஏறுகிறது. அவரை முகாமுக்கு அழைப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

களைப்பைக் கண்டுபிடிக்கப் பிள்ளையிடம் கேட்டுப் பயனில்லை. "நல்லாத்தான் இருக்கேன்" என்றுதான் சொல்லும். முழங்கை தோள் மட்டத்துக்குக் கீழே இறங்குகிறதா, பந்துகள் வரிசையாக உயரே போகின்றனவா, ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே எடுத்துக்கொள்ளும் நேரம் நீள்கிறதா, முன்காலின் அடி குறுகுகிறதா என்று பாருங்கள். இந்த நான்கில் இரண்டு தெரிந்தாலே அன்றைக்கு முடித்துவிடலாம். வேகம் அளக்கும் ரேடார் துப்பாக்கியைப் பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பக்கம் கொண்டுவரவே வேண்டாம் என்பேன். எண் தெரியும் இடத்தில் எல்லாப் பிள்ளையும் முழுப் பலத்தோடுதான் எறியும், எறிமுறை அந்த நிமிடமே குலைந்துவிடும்.

வளைந்து வரும் கர்வ் பால் எந்த வயதில் கற்றுத்தருவது என்று எல்லா முகாமிலும் கேள்வி வரும். மணிக்கட்டை முறுக்குவதைவிட அளவுக்கு மீறி எறிவதும் களைத்த பிறகும் எறிவதுமே பெரிய ஆபத்து என்பதில் பயிற்சியாளர்கள் பலரும் ஒத்துப்போகிறார்கள். ஆனாலும் வரிசை முக்கியம். முதலில் ஃபாஸ்ட்பாலை நினைத்த பக்கம் எறியப் பழக வேண்டும், அடுத்து வேகம் குறைந்து வரும் சேஞ்சப். சேஞ்சப்புக்குப் பந்தைக் கொஞ்சம் உள்ளே, மூன்று விரலால் பிடித்து, கையை ஃபாஸ்ட்பால் வேகத்திலேயே வீச வேண்டும். பிடிதான் வேகத்தைக் குறைக்கிறது. பிள்ளைகள் செய்யும் தவறு, கையையே மெதுவாக்குவது. அடிப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

தரைப்பந்து பிடிப்பதில், பேஸ்களை ஒட்டி நின்று ஆடிய முன்னாள் இன்ஃபீல்டர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அவர்கள் முதலில் பேட்டைத் தொடுவதில்லை. ஆறேழு மீட்டரில் முட்டி போட்டு உட்கார்ந்து பந்தைக் கையால் உருட்டுகிறார்கள். பிள்ளைக்கு க்ளவ் கூட இல்லை, அல்லது தட்டையான பயிற்சி க்ளவ். அதில் பந்து சிக்காது, இரண்டு கையும் சேர்ந்தால்தான் நிற்கும். நேராகப் பத்து, க்ளவ் பக்கம் பத்து, அதற்கு எதிரான பேக்ஹேண்ட் பக்கம் பத்து. இந்த முப்பதும் சுத்தமாக வந்த பிறகே பேட்டால் அடித்த பந்து. பேட்டால் அடிக்கத் தொடங்கினால் பந்து வரும் வேகமும் துள்ளலும் ஒவ்வொரு தடவையும் மாறும், பிள்ளை எதைத் திருத்திக்கொள்கிறது என்றே தெரியாது.

வலக்கை ஆட்டக்காரருக்குக் கால் வரிசை வலது, இடது, பிடி. வலக்கால் பந்தின் பாதைக்குச் சற்று வலப்பக்கம் ஊன்றும், இடக்கால் அடுத்து வரும், இரண்டு பாதங்களும் முக்கோணத்தின் அடிப்பக்கம் என்றால் க்ளவ் அதன் முனை. கண்ணால் க்ளவ்வையும் பந்தையும் ஒன்றாகப் பார்க்க முடிகிற அளவு முன்னால் இருக்க வேண்டும். பந்து கால்களுக்கு நடுவே போய்விட்டால் "குனி" என்று கத்துவது வழக்கம். பிள்ளை முதுகை வளைத்துக் குனியும், இடுப்பு மேலேயே நிற்கும், பந்து மறுபடியும் போகும். குனிய வேண்டியது முட்டியில், இறங்க வேண்டியது இடுப்பு. இன்னொன்று, க்ளவ் தரையிலிருந்து மேலே வர வேண்டும். மேலிருந்து கீழே இறங்கும் க்ளவ் பெரும்பாலும் பந்துக்குப் பின்னால்தான் வந்து சேரும்.

துள்ளும் பந்தில் பிடிக்க எளிதான இடங்கள் இரண்டு. தரையில் பட்டவுடனே எழும் கணம் ஒன்று, துள்ளலின் உச்சி தாண்டி இறங்கும்போது இன்னொன்று. நடுவில் மாட்டிக்கொண்டால் பந்து மார்பிலோ மணிக்கட்டிலோ அடிக்கும். நடுவில் மாட்டிக்கொள்ளும் பிள்ளைக்குக் கையில் கோளாறு இல்லை. காலை நகர்த்தாமல் பந்துக்காகக் காத்திருக்கிறது, அவ்வளவுதான். பிட்சர் எறியும்போது இரண்டு பாதமும் சிறு தாவலாக எழும்பி, பந்து பேட்டைத் தொடும் நேரத்தில் தரையில் இறங்கும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திவிட்டால் இது பெரும்பாலும் தானாகவே சரியாகும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைக்கு மென்பந்து கொடுங்கள். பயத்தோடு கடினப் பந்தில் நூறு தடவை ஆடுவதைவிட மென்பந்தில் முப்பது தடவை மேல்.

அவுட்ஃபீல்டில் ஒன்றே ஒன்றை மட்டும் முகாமில் திருத்தினாலே போதும். தலைக்கு மேலே போகும் பந்துக்குப் பின்னோக்கி நடக்கக் கூடாது. பந்து போகும் பக்கத்துக் காலைப் பின்னால் திறந்து வைத்து, திரும்பி ஓட வேண்டும். பின்னோக்கி நடப்பவர் மெதுவாகப் போவார், தலை குலுங்குவதால் பந்தும் கண்ணில் ஆடும், விழுந்தால் அடி தலையின் பின்பக்கம். இரண்டு பேர் ஒரே பந்துக்கு ஓடும்போது யார் கூப்பிடுவது என்பதும் அன்றே பேசி முடிக்க வேண்டிய விஷயம்: முன்னால் ஓடிவரும் அவுட்ஃபீல்டருக்கே முன்னுரிமை, பின்னால் ஓடும் இன்ஃபீல்டர் ஒதுங்க வேண்டும்.

அடிப்பதற்கு வருவோம். முகாமில் எல்லாப் பிள்ளையும் காத்திருப்பது இதற்குத்தான். முதலில் பேட். பேட்டின் நீளத்தை அங்குலத்திலும் எடையை அவுன்ஸிலும் சொல்வார்கள். 29 அங்குல நீளம், 19 அவுன்ஸ் எடை என்றால் வித்தியாசம் பத்து, அதை டிராப் 10 என்பார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டத்தில் உலோக பேட் டிராப் 3-க்கு மேல் போகக் கூடாது. சிறு பிள்ளைகளுக்கு டிராப் 10 அல்லது அதைவிட லேசானது பொருந்தும். கைப்பிடியை ஒரே கையால் பிடித்து, தோளுக்கு நேராக நீட்டி இருபது முப்பது விநாடி நிறுத்த முடியவில்லை என்றால் அந்த பேட் கனம். கனமான பேட்டைத் தூக்கிவரும் பிள்ளைக்கு என்ன சொல்லிக்கொடுத்தாலும் நிற்காது, பேட்டைத் தூக்கவே பலம் போய்விடும். பெற்றோர் "வளர்ந்துவிடுவான்" என்று ஒரு அளவு பெரிதாக வாங்கித் தருவதால்தான் பாதிப் பிள்ளைகளின் ஸ்விங், அதாவது பேட்டை வீசும் முறை, வளைந்துபோகிறது.

பிடி விரல்களில் இருக்க வேண்டும். கதவைத் தட்டும்போது படும் விரல் மூட்டுகள் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஒரே வரிசையில் வந்தால் சரி. பந்தைத் தாங்கி நிற்கும் கம்பமான பேட்டிங் டீயில் பந்தை எங்கே வைப்பது என்பதில் பல இடங்களில் அக்கறையே இல்லை. அடிப்பவர் பக்கத்தில் தரையில் பதிந்திருக்கும் பிளேட்டின் நடுவே வரும் பந்துக்கு முன்காலுக்கு நேர் எதிரே. உடம்பை ஒட்டி வரும் உள்பக்கப் பந்துக்கு அதைவிட ஒரு சாண் முன்னால். வெளிப்பக்கப் பந்துக்குச் சற்றுப் பின்னால், முன்தொடைக்கு நேராக. பிள்ளை எப்போதும் பிளேட்டுக்கு நடுவில் டீயை வைத்து அதன் பக்கத்தில் நின்றுகொண்டால் பந்தை உடம்புக்குள் வாங்கி அடிக்கவே பழகும். டீ ஒரே இடத்தில் இருக்கட்டும், கால்கள்தான் அதற்கு ஏற்ப நிற்க வேண்டும்.

பொதுவாக வரும் கோளாறுகளில் கை முதலிலேயே உடம்பை விட்டு அகன்று பேட் பெரிய வட்டம் போடுவது ஒன்று. அதைத் திருத்த, பேட்டின் நுனியைத் தொப்புளில் வைத்து, கைப்பிடி வேலியைத் தொடும் தூரத்தில் வேலியைப் பார்த்து நிற்கவைத்து ஸ்விங் செய்யச் சொல்வார்கள். வட்டம் பெரிதானால் பேட் வேலியில் உரசும். மெதுவாக ஐந்து, பிறகு கொஞ்சம் வேகமாக ஐந்து, உடனே டீயில் பத்து. அடுத்தது, பந்து வருமுன்பே உடம்பு முன்னால் சாய்வது. இங்கே மறுபடியும் காலைப் பாருங்கள்: முன்கால் தாமதமாக இறங்குகிறது. பிட்சர் பந்தை விடும் நேரத்தில் கால் கிளம்பி, பந்து பாதி தூரம் வருவதற்குள் மெதுவாக ஊன்றியிருக்க வேண்டும். கால் ஊன்றாமல் இடுப்பு சுழலாது. இடுப்பு சுழலாவிட்டால் எட்டி அடிப்பது ஒன்றுதான் வழி.

மூன்றாவது கோளாறுக்குக் காரணமே வேறு. முன்கால் பிளேட்டிலிருந்து விலகி ஓடும். வலக்கை ஆட்டக்காரரின் கால் மூன்றாம் பேஸ் பக்கம் போகும். பேட்டை வைத்துத் தடுப்பது, கட்டையைப் போட்டுக் காலை மறிப்பது எல்லாம் செய்வார்கள். எதுவும் நிலைக்காது, ஏனென்றால் அது பயம். பந்து மேலே படும் என்ற பயம். அதற்கு மருந்து, பந்து மேலே வந்தால் என்ன செய்வது என்று கற்றுத்தருவது. முன்தோளை உள்பக்கம், கேட்சரை நோக்கித் திருப்பி, தாடையை மார்பில் ஒடுக்கி, பேட்டைக் கீழே இறக்கி, முதுகைக் கொடுக்க வேண்டும். டென்னிஸ் பந்தால் மெதுவாகப் பத்துத் தடவை பிள்ளையின் மேலேயே எறிந்து பழக்குங்கள். பிள்ளை சிரிக்க ஆரம்பித்ததும் கால் தானாக நேராகும். தன் தொழிலில் எத்தனையோ தடவை பந்தால் அடிபட்ட ஒருவர் முன்னால் நின்று, எப்படித் திரும்புவது என்று செய்து காட்டும்போது பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். முகாமில் முன்னாள் வீரரைப் பயன்படுத்த இதைவிட நல்ல இடம் குறைவு.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. பெரியவர் ஆட்டத்தில் பிட்சரின் இடம் பிளேட்டிலிருந்து 18.44 மீட்டர், பிள்ளைகள் ஆடும் லிட்டில் லீகில் 12 வயதுவரை 14.02 மீட்டர். பந்தை விடும்போது பிட்சர் முன்னால் வந்துவிடுவதையும் கழித்தால் மேஜர் லீகின் மணிக்கு 153 கிலோமீட்டர் பந்து ஏறக்குறைய 0.4 விநாடியில் வந்துவிடுகிறது. குறைந்த தூரத்தில் மணிக்கு 113 கிலோமீட்டர் பந்துக்கும் அதே நேரம்தான். பன்னிரண்டு வயதில் அந்த வேகத்தில் எறியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு எதிரே நிற்கும் பிள்ளையிடம் "பந்து மெதுவாகத்தான் வருகிறது" என்று சொல்லும் பெரியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முன்னாள் வீரர்கள் தடுமாறும் இடமும் அடிப்பதில்தான். "மேலிருந்து கீழே வெட்டு" என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவந்தது. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்கு அப்படித்தான் உணர்வு. ஆனால் அவர்களுடைய ஸ்விங்கையே மெதுவாக ஓட்டிப் பார்த்தால் பந்தைத் தொடும் நேரத்தில் பேட் லேசாக மேல்நோக்கிப் போகிறது. பிட்சர் நிற்கும் எறிமேடு பத்து அங்குல உயரம், பிட்சரின் கை அதற்கும் மேலே, பந்து இறங்கித்தான் வருகிறது. அதன் பாதையோடு பேட் சேர்ந்து போனால்தான் நன்றாகப் படும். வீரர் தன் உணர்வைச் சொல்கிறார், பிள்ளை அதை அப்படியே செய்து கோடரி வெட்டு வெட்டுகிறது. நல்ல பயிற்சியாளர் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு முதலில் கைபேசியில் பிள்ளையின் ஸ்விங்கைப் படம் பிடித்து, இருவரும் சேர்ந்து பார்த்த பிறகே பேசுவார்.

இரண்டாவது தடுமாற்றம், ஒரே பிள்ளைக்கு ஐந்து திருத்தம். முழங்கை, முட்டி, தலை, பிடி, கால் என்று அடுக்கினால் பிள்ளை அடுத்த பந்தை அடிப்பதே இல்லை, யோசித்துக்கொண்டு நிற்கும். ஒரு நிலையத்தில் ஒரு பிள்ளைக்கு ஒரே திருத்தம். அடுத்த நிலையத்துப் பயிற்சியாளருக்கும் அது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அவர் நேர் எதிராக ஒன்றைச் சொல்வார். முகாம் தொடங்குமுன் பயிற்சியாளர்கள் அரைமணி நேரம் உட்கார்ந்து எந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

நிலையங்களை அமைப்பதில் கணக்கு இருக்கிறது. எட்டுப் பிள்ளைக்கு ஒரு பயிற்சியாளர், 25 நிமிடம் என்று வையுங்கள். மூன்று நிமிடம் விளக்கம், இரண்டு நிமிடம் தண்ணீர், இருபது நிமிடம் வேலை. ஒரே வரிசையில் நின்று ஒருவர் ஒருவராக அடித்தால் ஆளுக்கு இரண்டரை நிமிடம்தான் கிடைக்கும், மீதி நேரம் வரிசையில் நின்று மண்ணைக் காலால் கிளறிக்கொண்டிருக்கும். நான்கு டீ போட்டு இரண்டிரண்டு பேராக விட்டால் ஆளுக்குப் பத்து நிமிடம். நிமிடத்துக்கு நான்கு ஸ்விங் என்றாலும் நாற்பது. பந்து வைத்துக்கொடுக்கும் பிள்ளை பக்கவாட்டில், பேட் எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும். டீகளுக்கு நடுவே குறைந்தது நான்கு மீட்டர். பந்து பொறுக்குவது எல்லோரும் ஒரே நேரத்தில், பயிற்சியாளர் சொன்ன பிறகுதான். யார் கையில் பேட் இருக்கிறதோ அவர் தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும். இதில் தளர்வே கூடாது.

ஓட்டத்துக்கு நாளில் பதினைந்து நிமிடம் ஒதுக்கினால் போதும், ஆனால் தினமும் ஒதுக்க வேண்டும். முதல் பேஸை மிதித்துத் தாண்டி ஓட வேண்டும், பேஸுக்காக வேகத்தைக் குறைப்பதோ கடைசி அடியில் தாவுவதோ நேரத்தைத் தின்னும். பேஸின் முன்விளிம்பை மிதித்து, உடனே வலப்பக்கம் திரும்பிப் பந்து தப்பிப் போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் பேஸுக்குத் தொடர்வதென்றால் பேஸை அடைவதற்கு நான்கைந்து மீட்டர் முன்பே வெளிப்பக்கம் வளைந்து, உள்மூலையை மிதித்து உடம்பை உள்பக்கம் சாய்க்க வேண்டும். எந்தக் காலால் மிதிப்பது என்று விவாதித்து அடியைக் குலைத்துக்கொள்ள வேண்டாம், எந்தக் கால் வருகிறதோ அதுவே போதும்.

அமெரிக்காவில் இப்படி முன்னாள் வீரர்கள் பயிற்சி தரும் ஏற்பாடுகள் பல உண்டு. 1982-இல் தொடங்கிய மேஜர் லீக் முன்னாள் வீரர்கள் சங்கம் பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. முன்னாள் வீரரும் அணிகளுக்குத் திறமையான ஆட்டக்காரர்களைத் தேடித் தருபவருமான ஜான் யங் 1989-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய ஆர்பிஐ திட்டம் நகர்ப்புற ஏழைப் பிள்ளைகளிடம் பேஸ்பாலைத் திரும்பக் கொண்டுசென்றது. முன்னாள் மேஜர் லீக் வீரர்களான கால் ரிப்கனும் அவர் தம்பி பில்லியும் தங்கள் தந்தை பெயரில் 2001-இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். பணம் கட்டிச் சேரும் தனியார் முகாம்கள் எண்ணற்றவை. அவற்றில் சேர்க்கும்முன் விளம்பரத்தில் உள்ள பெரிய பெயர் எத்தனை மணி நேரம் மைதானத்தில் இருப்பார் என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவாரா, ஒரு நிலையத்தை அவரே நடத்துவாரா? மேஜர் லீகுக்கு அடுத்த கீழ்நிலையான மைனர் லீகில் பத்து வருடம் ஆடிவிட்டு மேஜர் லீகை எட்டாமலே நின்றுபோன ஒரு கேட்சர் நல்ல பயிற்சியாளராக இருக்க வாய்ப்பு மிக அதிகம். திறமை மட்டும் போதாமல் நுணுக்கத்தை வைத்துப் பிழைத்தவர் அவர், அதனால் அவருக்கு அதைச் சொல்லவும் தெரியும்.

மாலையில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசும் அரைமணி நேரத்தையும் தொழில்முறை அனுபவம் உள்ளவர் நன்றாகப் பயன்படுத்தலாம். வெற்றிக் கதைகளைவிடத் தோல்வியின் கணக்கு பயன் தரும். மேஜர் லீக் வீரர் டெட் வில்லியம்ஸ் 1941-இல் 456 முறை அடிக்க நின்று 185 ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டுவது) எடுத்தார், சராசரி .406. அதன் பிறகு அமெரிக்க, தேசிய லீக்குகளில் யாரும் ஒரு பருவத்தில் .400-ஐத் தொடவில்லை. அந்த வருடத்திலும் அவர் பத்தில் ஆறு தடவை ஹிட் இல்லாமல்தான் திரும்பினார். பந்தை அடிக்க முடியாமல் இரண்டு தடவை ஸ்டிரைக் அவுட் ஆனதும் ஹெல்மெட்டைத் தரையில் எறியும் பதினோரு வயதுப் பிள்ளைக்கு இந்த எண்ணைச் சொல்லுங்கள். அவுட் ஆகி பெஞ்சுக்கு வந்ததும் என்ன செய்வது என்றும் சொல்லித்தரலாம்: தண்ணீர் குடி, எந்தப் பந்து எங்கே வந்தது என்று அடுத்து அடிக்கப் போகும் ஆட்டக்காரரிடம் சொல், க்ளவ்வை எடு.

கடைசி நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை எழுதிக் கொடுக்க வேண்டும். நன்றாகச் செய்வது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று, அதற்கான பயிற்சி இரண்டு. "கோட்டில் கால் வைத்து 25 எறிதல், வாரம் மூன்று நாள், டீயில் உள்ளே, நடுவே, வெளியே பத்துப் பத்து" என்ற அளவுக்குத் தெளிவாக இருக்கட்டும். முகாம் முடிந்த அடுத்த இரண்டு நாள் எறிதல் கூடாது என்பதையும் அதே அட்டையில் தடித்த எழுத்தில் எழுதிவிடுங்கள். அந்த வாரக் கடைசியிலேயே போட்டி ஆட்டம் இருக்கிறது என்று சொல்லும் பெற்றோர் கட்டாயம் வருவார்கள். அந்தப் பிள்ளை முகாமில் எத்தனை எறிந்தது என்ற கணக்கு கையில் இருப்பதால், அந்த ஆட்டத்தில் பிட்ச் செய்யலாமா கூடாதா என்று அங்கேயே எண்ணைக் காட்டிச் சொல்லிவிடலாம்.